விசைக்கு எட்டாத குறிகள்



ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் பெரிய சாலை என்பது பொருள். அச்சாலையிலிருந்து பிரியும் வீராசாமி சாலைக்கு அருகில் 1950களில் சிறு மளிகைக்கடை ஒன்றை நடத்திவந்த பெரியவரின் கணக்கேட்டுப் பக்கம் ஒன்று, சென்ற பள்ளி விடுமுறையின்போது என் கைக்கு வந்தது. என்னிடம் தொடக்கநிலை ஐந்தில் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார் அதைக் கொணர்ந்தார். கடைக்காரர் அத்தாயாரின் தாத்தா. குடும்ப ஒன்றுகூடலுக்கென ஒரு சிறு நூல் தொகுக்கிறார்கள். அதில் தாத்தாவின் கணக்கேட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தாயார் இரண்டு இரவுகள் அமர்ந்து வேர்டு செயலியில் தட்டச்சு செய்து முடித்தும்விட்டார். முடித்ததை உறவினர் குழுவுக்கு அனுப்பியபிறகுதான் சிக்கல் தொடங்கியிருக்கிறது.

அவர் அனுப்பிய பக்கத்தில் இப்படி இருந்தது: "தையற்காரர் - சயரு. ஷயார் - யரு. சலவைக்காரர் - உயஅ. தச்சர் - ளரு. நிலுவை ளசுயங."

மாணவிக்கு "சயரு" என்ற சொல் மிகவும் பிடித்துவிட்டது. வீட்டில் எல்லோரையும் சயரு என்று அழைக்கத் தொடங்கிவிட்டாளாம். ஆனால் பெரியவர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை. இந்தியாவில் இருக்கும் ஒரு மாமா, எழுத்துகள் எண்களைக் குறிப்பதை மட்டும் கண்டுகொண்டு, "தாத்தா ஊரெல்லாம் கடன் வாங்கி வைத்திருந்தார் என்று அப்போதே சொன்னார்கள், இதோ நிலுவைப் பட்டியலே கிடைத்துவிட்டது" என்று எழுதிவிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதரின் பெயர் அந்த ஒரு வரியால் ஆட்டம் கண்டது. "டீச்சர், நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், நான் அடித்ததில் ஏதாவது விட்டுப்போயிற்றா?" என்று கேட்டார் தாயார்.

விட்டுப்போயிருந்தது. மூலப் பக்கத்தின் தலையில் பெரியவர் எழுதியிருந்தது இது:

விஜய௵ ஆவணி௴ ௰௨௳

அதன்கீழே:

தையற்காரர் ௶ வெ. ௪௰௫
௸யார் ௷ வெ. ௰௫
சலவைக்காரர் ௶ வெ. ௨௰௮
தச்சர் ௶ வெ. ௱௫
நிலுவை வெ. ௱௬௰௩

இதைப் படிக்கத் தெரிந்துகொள்வது கடினமன்று. ௳ நாளையும், ௴ மாதத்தையும், ௵ ஆண்டையும் குறிப்பன. ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. ஆகவே தலைவரி, விஜய ஆண்டு ஆவணி மாதம் 12ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 1953 ஆகஸ்டு இறுதி. எண்களைப் பொறுத்தவரை, பழந்தமிழ் முறையில் சுழியம் இடம்பிடிக்கும் வழக்கமில்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனி வடிவங்கள் உண்டு. வாயால் சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதும். நாற்பத்தைந்து என்பது நான்கு பத்து ஐந்து, ௪௰௫. நூற்று அறுபத்து மூன்று என்பது ௱௬௰௩. இதே முறையில் 1953 என்னும் ஆண்டை ௲௯௱௫௰௩ என்று எழுதுவர். குழந்தைகளுக்கு இடமதிப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை இதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். சுழியம் என்ன வேலை செய்கிறது என்பதை விளக்குவதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

வெள்ளிக்கு அவர் "வெ." என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ரூபாய்க்கு ௹ என்னும் குறி இருந்தது. மலாயா வெள்ளிக்கு அது பொருந்தாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கணக்கு முறையில் இந்த ஊருக்கு வேண்டிய ஒன்றை மட்டும் அவரே சேர்த்துக்கொண்டார்.

இனிப் பற்றும் வரவும். கடையில் பற்று வைப்பது என்று இன்றும் சொல்கிறோம். கடைக்காரரின் ஏட்டில் ஒருவர் பெயருக்கு நேரே பற்று என்றிருந்தால் அவர் பொருளை எடுத்துச் சென்றுவிட்டார், பணம் தரவில்லை என்று பொருள். வரவு என்றிருந்தால் அவர் பணம் செலுத்தினார். தையற்காரர் 45 வெள்ளிக்குச் சாமான் எடுத்தார், மேற்படியார், அதாவது அதே தையற்காரர், 15 வெள்ளி கொடுத்தார், நின்றது 30. சலவைக்காரர் 28, தச்சர் 105. கூட்டினால் 163. தாத்தா யாரிடமும் கடன் வாங்கவில்லை. அவருக்குத்தான் பிறர் தரவேண்டியிருந்தது. தாயார் ௶, ௷ ஆகிய குறிகளை விசைப்பலகையில் தேடிக் களைத்து, ஒரு சிறுகோடு இட்டுவிட்டார். அந்தக் கோடுதான் கடன் கொடுத்தவரைக் கடனாளி ஆக்கியது.

அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. விசையில் இல்லாத குறிக்கு ஏறத்தாழ ஒத்த எழுத்தை இட்டு ஒப்பேற்றும் பழக்கம் ஒரு நூற்றாண்டுப் பழக்கம். அதன் தொடக்கத்தைத் தேடினால் நம் சிங்கப்பூருக்கே வந்து சேர்கிறோம் என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த இரா. முத்தையா, 1907இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். பின்னர் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து 1930வரை தலைமை எழுத்தராகப் பணியாற்றினார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப்பொறி ஓடிக்கொண்டிருக்க, தமிழுக்கு அப்படியொன்று இல்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவர் முன் நின்ற கணக்கு எளிமையானதன்று. தமிழ் எழுத்துகள் 247. வடமொழி ஒலிகளுக்குரியவை வேறு. பொறியிலோ 46 விசைகள். விசைக்கு இரண்டு வடிவங்கள். எழுத்துகளை உடைத்துக் கொம்பு, கால், சுழி, புள்ளி எனத் துண்டுகளாக்கி, துண்டுகளைச் சேர்த்து எழுத்தாக்கும் வழியை அவர் கண்டார். புள்ளி எழுத்தின் தலைமேல் விழ வேண்டும். அதற்கு நகரா விசை என்னும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினார்: அவ்விசையை அடித்தால் தாளைத் தாங்கிய உருளை நகராமல் நிற்கும், அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். பொறியைச் செர்மனியின் சைடல் அண்டு நவ்மான் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரை அழைப்பது பொருத்தமே.

ஆயினும் 92 இடங்களில் எல்லாவற்றுக்கும் இடமேது? அடுத்தடுத்து வந்த பொறிகளில் 1, 2, 3 என்னும் எண்கள் அமர்ந்துகொண்டன. ௧, ௨, ௩ வெளியே நின்றன. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவுக் குறிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குமுன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் அச்சு நூல்கள் பலவற்றில் பக்க எண்களே தமிழ் எண்களாக இருந்தன. அச்சுக்கோப்பவரிடம் அறைகள் நிறைந்த எழுத்துப்பெட்டி இருந்தது. வேண்டுமானால் இன்னோர் அறையைச் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சுப்பொறியில் இன்னொரு விசையைச் சேர்க்க முடியாது. (சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தை 2017 சூலையில் மூடப்படும்வரை, அங்கே தரையில் விரித்த துணிமேல் பழைய தட்டச்சுப்பொறிகளைக் கண்டிருக்கிறேன். தமிழ்ப்பொறி ஒன்று கிடைக்காதா என்று பலமுறை தேடினேன், கிட்டவில்லை.)

குறிகளுக்கு விசை இல்லை என்பதற்காக அலுவலகங்கள் அவற்றின் பயனைக் கைவிட்டுவிட முடியுமா? பத்திர எழுத்தர்கள் வழி கண்டார்கள். தமிழகத்து நிலப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். "ஷெயார்", "ஷை சொத்து" என்று வரும். ஷெ என்ன வடசொல்லோ என்று நான் இளவயதில் மயங்கியதுண்டு. அது ௸ என்னும் மேற்படிக் குறி. வடிவத்தில் அருகே இருந்த எழுத்தைப் பிடித்து அடித்திருக்கிறார்கள். அவ்வாறே ௵ "ளு" ஆயிற்று, ௴ "மீ" ஆயிற்று, ௳ "உ" ஆயிற்று. "1965ம் ளு ஜனவரி மீ 5 உ" என்று ஒரு பத்திரம் தொடங்கினால் அது எழுத்துப்பிழையன்று. மூன்று குறிகளின் மாற்றுவேடம். இதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. ஷெ என்பது நாளடைவில் தானே ஒரு சொல்லாகிவிட்டது. மூலக்குறியைக் கண்டே இராத எழுத்தர்கள்கூட அதைப் பிழையின்றிப் பயன்படுத்தினார்கள். பொறி ஒரு குறியைக் கொன்று, அதன் போலியை வாழவைத்திருக்கிறது. நம் தாயார் "ஷயார்" என்று அடித்தது அவரையறியாமல் அந்த மரபைப் பின்பற்றியதேயாகும்.

எழுத்துச் சீர்திருத்தத்திலும் பொறியின் பங்கு உண்டு. பெரியார் 1935இல் குடியரசு இதழில் நடைமுறைப்படுத்திய மாற்றங்களில், பழைய சுழிகளோடும் தும்பிக்கைகளோடும் எழுதப்பட்ட ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் புதிய வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. சிங்கப்பூர்ப் பாடநூல்களும் பின்னர் அவ்வழியே வந்தன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குழந்தைகளுக்குக் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு அது பெரும் நிம்மதி.

கணினி வந்ததும் இட நெருக்கடி தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். தீரவில்லை. தொடக்கக்கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை ஒட்டிவைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. கண்ணுக்கு மட்டும் தமிழ். இதனால் நேர்ந்த கூத்துகளை நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாமினி எழுத்துருவில் "த" வரவேண்டுமானால் ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்றை அடிக்க வேண்டும். அதே விசையின் பேரெழுத்து "து". வேர்டு செயலி வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கும் இயல்புடையது. விளைவு, வாக்கியத்தின் முதலில் வரும் "தமிழ்" எல்லாம் "துமிழ்" ஆகிவிடும்! நான் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாள்களில் பாடத்திட்டத் தாள் ஒன்றைத் துமிழோடு அச்சிட்டுச் சமர்ப்பித்து, திருப்பி வாங்கிய அனுபவம் எனக்குண்டு.

அக்கழகத்தில் நான் சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்ட ஒருவரின் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுத்தாளர். கணினி அறிவியல் பட்டம் பெற்றவரல்லர். தமிழுக்கெனக் கணியன் என்னும் எழுத்துரு அமைப்பை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவினரோடு சேர்ந்து, 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பின் இணையப் பதிப்பில் தமிழையும் இடம்பெறச் செய்தார். இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றிய தொடக்கக்கால நிகழ்வுகளுள் அது ஒன்று. 1997 மேயில் தமிழ் இணைய மாநாட்டை இங்கேயே கூட்டினார். ஊருக்கொரு குறிமுறை, நிறுவனத்துக்கொரு விசைப்பலகை என்றிருந்த நிலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதே அங்கே பேச்சு. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதில் பிறந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் கோவிந்தசாமி மறைந்தார். 2000 சூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தது. உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அப்போது அமைந்தது.

அக்காலத்துக் குறிமுறைகளுள், மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து உருவாக்கப்பட்ட திஸ்கியில் தமிழ் எண்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் 256 இடங்கள். பாதி ஆங்கிலத்துக்குப் போக எஞ்சியதில் உயிர்மெய் வடிவங்களையும் அடைத்துவிட்டு, எண்களுக்கும் மூலை கொடுத்தது பெரிய மனம்தான். கணக்குக் குறிகளுக்கு அங்கும் இடம் இல்லை.

யூனிகோடு என்னும் ஒருங்குறி வந்தபிறகே கதவு அகலத் திறந்தது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி கிடைத்தது. ௧ முதல் ௯ வரையிலும், ௰, ௱, ௲ ஆகியவையும் பழைய குடியினர். நாள் தொடங்கி எண் குறி ௺ வரை எட்டுக் குறிகள் 2003இல் நான்காம் பதிப்பில் நுழைந்தன. தமிழ்ச் சுழியம் ௦ 2005இல் வந்தது. பழந்தமிழ் முறையில் அதற்கு வேலையில்லை என்று மேலே சொன்னேன். இன்று 2005ஐ ௨௲௫ என்றும் எழுதலாம், ௨௦௦௫ என்றும் எழுதலாம். இரண்டும் சரியே. ஆனால் ஒரே ஏட்டில் இரண்டையும் கலக்காதிருப்பது நலம்.

முந்திரி, காணி, மா, வீசம் முதலிய பின்னங்களும், நெல்லளவை, நிலவளவை, நாணயக் குறிகளும் அதற்குப்பின்னும் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தன. ஸ்ரீரமண சர்மா 2012இல் அவற்றுக்கான முன்மொழிவை அளித்தார். நீண்ட ஆய்வுக்குப்பின் 2019இல் பன்னிரண்டாம் பதிப்பில் 51 குறிகள் தமிழ் இணைப்புப் பகுதியாகச் சேர்ந்தன. ஒரு முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை வாய்பாடாக மனப்பாடம் செய்தார்கள். அவற்றின் வடிவங்களை நான் இங்கே இடவில்லை. பெரும்பாலான திரைகளில் வெறும் கட்டமே தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். இந்திய அரசு 2010 சூலை 15 அன்று ₹ என்னும் புதிய ரூபாய்க் குறியை ஏற்றது. வடிவமைத்தவர் உதயகுமார் என்னும் தமிழர். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஒருங்குறிப் பதிப்பில் அது இடம்பெற்றுவிட்டது. மூன்றே மாதம்! நூற்றாண்டுகளாக வழங்கிய ௹ குறிக்கோ முதற்பதிப்புக்குப்பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னால் அரசு நின்றால் வேகம் வரும். ௹ குறிக்காகக் கேட்க எந்த வங்கியும் இல்லை. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் வரவுசெலவுத் திட்டச் சின்னத்தில் ₹ இருந்த இடத்தில் "ரூ" என்று இட்டபோது பெரும் வாக்குவாதம் எழுந்தது நினைவிருக்கும். அப்போதும் ௹ யாருக்கும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது வருத்தமே.

குறிகளுக்காகப் பொங்கியெழுந்த தமிழர்களும் உண்டு. மொரீசியசு நாட்டுப் பணத்தாள்களில் தமிழ் எண்கள் அச்சிடப்படுகின்றன. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழின் வரிசை இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதென்று அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தெழ, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் தமிழ் பேசுவோர் மிகக் குறைந்துவிட்ட ஒரு தீவில் அது நடந்தது.

இனிச் செயல்முறைக்கு வருவோம். பெற்றோர் பலர் எதிர்பார்ப்பது இதைத்தான்.

தமிழ்99 விசைப்பலகை உங்கள் கணினியில் இருந்தால், இக்குறிகள் உங்கள் விரலடியிலேயே இருக்கக்கூடும். ஷிப்டு விசையை அழுத்திக்கொண்டு கீழ்வரிசையில் ஔ, ஓ, ஒ, வ, ங ஆகிய விசைகளை முறையே அடித்தால் ௳, ௴, ௵, ௶, ௷ வரும். நடுவரிசையில் அ, இ, உ ஆகியவற்றை அவ்வாறு அடித்தால் ௹, ௺, ௸ வரும். சில மென்பொருள்களில் மாறியிருக்கலாம், அடித்துப் பாருங்கள். ஒலிபெயர்ப்பு முறையில், ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் பெறுவோருக்கு இவ்வசதி கிட்டுவது அரிது. என் மாணவர்களிற் பெரும்பாலோர் இவ்வகையினர், அந்தத் தாயாரும்.

அவர்களுக்கு வேறு வழியுண்டு. வேர்டு செயலியில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசைப்பலகையின் வலப்புறத்து எண்பகுதியில் குறியின் எண்ணை அடித்துவிட்டு, ஆல்ட் விசையை விடுங்கள். ௳ குறிக்கு 3059. அதிலிருந்து வரிசையாக ௴ 3060, ௵ 3061, ௶ 3062, ௷ 3063, ௸ 3064, ௹ 3065, ௺ 3066. தமிழ் எண்கள் ௦வுக்கு 3046 தொடங்கி ௯க்கு 3055 வரை. ௰ 3056, ௱ 3057, ௲ 3058. மேல்வரிசை எண்விசைகளால் இது நடவாது. எண்பகுதி இல்லாத மடிக்கணினியானால், செருகு பட்டியலில் குறியீடு என்பதைத் திறந்து, தமிழ்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய வடிவத்தைச் சொடுக்கலாம். கட்டம் மட்டும் தெரிந்தால் குற்றம் எழுத்துருவினுடையது. நிர்மலா அல்லது நோட்டோ எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். 2019இல் வந்த பின்னக் குறிகளுக்கு நோட்டோவில் தமிழ் இணைப்புக்கெனத் தனி எழுத்துருவே இருக்கிறது.

கண்ணுக்கு ஒத்திருந்தால் போதாதா, ௫ என்பதற்கு "ரு" என்று அடித்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஓர் ஆசிரியத் தோழி என்னிடம் வாதிட்டார். தாளில் அச்சிடுவதோடு முடிந்தால் பெரும்பாலும் கேடில்லை. கணினிக்குள் அப்படியன்று. ௫ என்பது 3051 என்னும் ஒரே குறி; அதற்கு ஐந்து என்னும் எண்மதிப்பு ஒருங்குறியிலேயே பதிவாகியுள்ளது. "ரு" என்பதோ 2992, 3009 என்னும் இரண்டு குறிகள். ரகரமும் உகரக் குறியும். தேடினால் ஒன்று கிடைக்கும்போது மற்றது கிடைக்காது. நாளை யாரேனும் பழைய கணக்கேடுகளைத் தொகுத்துத் தேட முற்பட்டால், "சயரு" எந்தக் காலத்திலும் நாற்பத்தைந்தாக அகப்படாது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் தமிழ் எண்கள் குறித்த பயிற்சித்தாள் ஒன்றை க, உ, ங, ச, ரு என்றே அடித்து மூன்று வகுப்புகளுக்குக் கொடுத்தேன். ஒரு மாணவன் "மூன்றும் ஙவும் ஒன்றா, டீச்சர்?" என்று கேட்டான். ஆம் என்றேன். ஒன்றல்ல, ௩ வேறு, ங வேறு. அந்த மாணவன் இப்போது வளர்ந்து எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பான். இதைப் படித்தால் திருத்திக்கொள்ளட்டும்.

அந்தக் கணக்கேட்டுப் பக்கத்தை நானும் தாயாரும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அமர்ந்து மீண்டும் தட்டச்சு செய்தோம். மாணவி எண்களைச் சொல்ல, தாயார் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 3062 என்று அடித்தார். விசையை விட்டதும் தாத்தாவின் ஏட்டில் இருந்த அதே வளைவு திரையில் தோன்றியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் மூன்று முறை அடித்து, இரண்டை அழித்தார். ஒவ்வொரு குறியின் அருகிலும் சிறிய எழுத்தில் பொருளையும் இட்டோம். தச்சர் பற்று வெள்ளி 105 என்ற வரிக்குக்கீழே, அவர் அதைச் செலுத்தியதாக அப்பக்கத்தில் எங்கும் இல்லை என்பதை மாணவிதான் முதலில் கவனித்தாள்.

இந்திய மாமாவுக்குப் புதிய பக்கம் போய்ச் சேர்ந்தது. "அப்படியானால் அந்தத் தச்சர் யார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். முந்தாநாள் தாயார் மேலும் ஆறு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியுள்ளார். நான்காம் பக்கத்தில் அரிசி அளவுகளுக்கு நேரே உழக்கும் ஆழாக்கும் வருகின்றன. அவை 2019ஆம் ஆண்டுக் குறிகள். எழுத்துருவை இன்று இரவு பதிவிறக்கம் செய்யவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை